மாத்திரைக்குப் பிறகு தள்ளிப்போகும் நாட்கள்

ஜனவரி 26

இன்றுதான் பேட் இல்லாமல் நடமாடுகிறேன். கருவைக் கலைக்கும் மாத்திரை விழுங்கியது 9ஆம் தேதி. முதலில் மிஃபெப்ரிஸ்டோன், கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனை அது தடுத்துவிடும். மறுநாள் வைத்த மிசோப்ரோஸ்டால்தான் கருப்பையைச் சுருங்க வைக்கிறது. அன்று ராத்திரி கட்டி கட்டியாகப் போனது, இடுப்பு கழன்று விழுவது போல வலி. அதற்கப்புறம் கசிவதும் நிற்பதும் திரும்பக் கசிவதுமாக இழுத்துக்கொண்டே போனது.

டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டு வாரம் வரை ரத்தம் படுவது சகஜம், சிலருக்கு ஒரு மாதம் வரைகூட லேசாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய பேட் முழுக்க நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே போனால் யோசிக்காமல் கிளம்பி வரணும். விடாத காய்ச்சல், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் என்றாலும் அப்படித்தான். எனக்கு இவை எதுவும் இல்லை.

பிப்ரவரி 2

காலையில் வீட்டிலேயே யூரின் டெஸ்ட் செய்தேன். முதல் கோடு பளிச்சென்று வந்தது. பக்கத்தில் இன்னொன்று, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற ரோஸ் கோடு. கை நடுங்கியது. வீட்டுக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் டாக்டருக்கு போன் போட்டார்.

“இப்பவே ஏம்மா பார்த்தே? நாலு வாரம் கழிச்சுத்தான் அதை நம்பலாம்” என்றார் டாக்டரம்மா. கர்ப்பம் கலைந்த பிறகும், கர்ப்பத்தில் சுரக்கும் எச்சிஜி ஹார்மோன் உடனே மறைவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். சிலருக்கு நாலு வாரம் தாண்டியும் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தைத்தான் டெஸ்ட் காட்டுகிறது. குமட்டல் இன்னும் இருக்கிறதா, மார்பு கனக்கிறதா, மாத்திரை போட்ட அன்று நல்ல ரத்தப்போக்கு இருந்ததா என்றெல்லாம் கேட்டார். ஆனாலும் அனுமானத்தில் விடவில்லை. ரத்தத்தில் அந்த ஹார்மோனின் அளவை (பீட்டா எச்சிஜி) பார்க்கச் சொன்னார், சில நாள் விட்டு மறுபடியும். எண் இறங்குகிறதா என்பதுதான் முக்கியமாம்.

மாத்திரைக்குப் பிறகும் கர்ப்பம் தொடர்வது அபூர்வம்தான், நூற்றில் ஒருவருக்கு வரலாம். அப்படித் தொடர்ந்தால் மிசோப்ரோஸ்டாலால் குழந்தையின் வளர்ச்சியில் குறை வர வாய்ப்பு உண்டு. அதனால்தான் ‘போயிருக்கும்’ என்று நினைத்துக்கொண்டு உட்காரக் கூடாது, உறுதி செய்துகொள்ளணும்.

பிப்ரவரி 7

இரண்டாவது ரிப்போர்ட் வந்தது. எண் மளமளவென்று இறங்கியிருக்கிறது. ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

பிப்ரவரி 14

அக்கா போன் பண்ணினாள். “இன்னும் குளிக்கலையா? அப்ப கவலையே வேண்டாம்டி, பீரியட்ஸ் வந்தப்புறம்தான் கரு தங்கும்” என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் எத்தனை பெண்கள் இதை நம்பியே திரும்பவும் மாட்டிக்கொள்கிறார்கள்!

முட்டை வெளிப்படுவது முதலில், பீரியட்ஸ் அதற்குப் பின்னால்தான். மாத்திரை போட்டு எட்டு நாளிலேயேகூடச் சிலருக்கு முட்டை வெளிவந்துவிடும். பலருக்கு மூன்று வாரத்துக்குள். அப்படியானால் முதல் பீரியட்ஸைக் காணாமலே அடுத்த கர்ப்பம் உண்டாகலாம். ‘நாள் வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று காத்திருப்பதில் அர்த்தமே இல்லை. கருத்தடை மாத்திரையை மிஃபெப்ரிஸ்டோன் சாப்பிடும் அன்றே தொடங்கலாம். கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி என்றால் முழுதாகக் கலைந்தது உறுதியானதும் வைத்துக்கொள்ளலாம். நாங்கள் இப்போதைக்கு ஆணுறை. இதைக் கலைப்புக்கு வரும் ஒவ்வொரு பெண்ணிடமும், கூட வரும் ஆணிடமும் உட்கார வைத்துச் சொல்லணும். மாத்திரைச் சீட்டைக் கையில் திணித்து அனுப்பினால் போதாது.

பிப்ரவரி 27

வந்துவிட்டது. நாலிலிருந்து எட்டு வாரத்துக்குள் வரும் என்றார்கள், வந்தது. வழக்கத்தைவிட அதிகம், வலியும் அதிகம். முதல் தடவை இப்படி இருக்கலாமாம்.

ஏப்ரல் 7

பத்து நாளுக்கு மேல் தள்ளிப்போய்விட்டது. எனக்கு எப்போதும் தேதி தவறாது, அதனாலேயே பயம் அதிகம். ஆணுறை இருந்தும் மனசு கேட்கவில்லை. கடைசியாகச் சேர்ந்து மூன்று வாரம் ஆனதும் பார்த்தால் டெஸ்ட்டை நம்பலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார், இன்று பார்த்தேன். ஒரே கோடு.

நேரில் போய்க் கேட்டேன். முதல் இரண்டு மூன்று மாதம் ஒழுங்கு தப்பலாம், ஒரு சுழற்சியில் முட்டையே வெளிவராமல் போனால் நாள் நீளும் என்றார். தூக்கம் கெட்டாலும், எடை சட்டென்று ஏறினாலும் இறங்கினாலும் இதே கதைதான். மூன்று மாதம் வரவே இல்லை என்றால் தைராய்டு, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன், சினைப்பை நீர்க்கட்டி எல்லாம் பார்க்கணும். எல்லாவற்றையும் மாத்திரையின் தலையில் போட்டால் உண்மையான காரணம் தெரியாமலே போய்விடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். நாள் தள்ளி, அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் குத்தும் வலி, தோள்பட்டை வலி, மயக்கம் வந்தால் அது கருக்குழாயில் தங்கிய கர்ப்பமாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். இந்த மாத்திரைகள் அதைக் கலைக்காது. ஜனவரியில் மாத்திரை கொடுப்பதற்கு முன் எனக்கு ஸ்கேன் எடுத்தது, கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

ஏப்ரல் 13

இன்று காலையில் வந்தது, அளவாக.

‘இனிமே குழந்தை தங்குமா’ என்று ரொம்ப நாளாகத் தொண்டையில் நின்ற கேள்வியைப் போன தடவை கேட்டுவிட்டேன். சிக்கல் இல்லாமல் முடிந்த மாத்திரைக் கலைப்பு, பிறகு கரு தரிப்பதைக் கெடுக்காது என்று தயங்காமல் சொன்னார். வேண்டும் என்று முடிவெடுக்கும்போது ஒரு மாதம் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் போடச் சொன்னார். அந்த முடிவு இந்த வருஷம் இல்லை. அடுத்த வாரம் காப்பர் டி பற்றிப் பேச இருவருமாகப் போகிறோம்.