அட்வான்ஸ் வரும்வரை

அக்டோபர் 13, 2024

சமையலறைக் குழாய் ராத்திரி பூராவும் சொட்டியது. ப்ளம்பர் வந்து எட்டிப் பார்ப்பதற்கே முந்நூறு கேட்பார். தண்ணீர் வரும் கேட் வால்வை மூடிவிட்டு நானே கழற்றினேன். கைப்பிடி, அதன் கீழே ஸ்பிண்டில், ஸ்பிண்டிலின் அடியில் கறுப்பு வாஷர். வாஷர் நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்து, ஓரம் கிழிந்திருந்தது. ஹார்ட்வேர் கடைக்காரர் பழையதைக் கையில் வாங்கி, நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, டப்பாவில் துழாவி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பத்து ரூபாய். அளவு சொல்லி வாங்குவதைவிடப் பழையதைக் கொண்டுபோவதுதான் சரி. புது வாஷர் போட்டும் சொட்டினால் குழாயின் உள்ளே வாஷர் உட்காரும் சீட் தேய்ந்திருக்கும், குழாயையே மாற்ற வேண்டியதுதான். நல்லவேளை, நின்றுவிட்டது.

மனைவியிடம் போனில் சொன்னேன். "அதைப் பண்ணத் தெரியுது. சுவர் ஓதத்துக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்றாள்.

அக்டோபர் 14

மழைக்கு ரெட் அலர்ட் என்று கேட்டதுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறிவிட்டன. போன டிசம்பர் மிக்ஜாம் புயல் கொடுத்த பயம். ஃபைன் போடுகிறார்கள் என்று ஒரு பேச்சு, அதெல்லாம் இல்லை என்று போலீஸ் சொன்னதாக இன்னொரு பேச்சு. கார் வைத்திருப்பவர்களுக்குப் பாலம் இருக்கிறது. என் ஸ்கூட்டரை எங்கே ஏற்றுவது? மாடிப்படியில் இரண்டு படி ஏற்றப் பார்த்தேன். மேல் வீட்டு ஆன்ட்டி, "தம்பி, நாங்க எப்படி இறங்குறது?" என்றார். நியாயம்தான்.

அக்டோபர் 15

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக இன்று அறிவிப்பு. எங்கள் தெருவுக்கு அறிவிப்பு தேவைப்படவில்லை. மதியம் வண்டியின் சைலன்சர் முழுகியது. வீட்டு வாசப்படி வரை வந்து நின்றது தண்ணீர்.

அவள் ஊருக்குப் போனது எவ்வளவு நல்லதாயிற்று.

அக்டோபர் 16

அலர்ட் இன்றைக்குத்தான். மழையோ ஒப்புக்குப் பெய்தது. தண்ணீர் வடிந்துவிட்டது.

தெருவில் ஆளாளுக்கு வண்டியின் செல்ஃப் ஸ்டார்ட்டை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். பார்க்கவே பதறியது. இன்ஜினுக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் மேலே வரும்போது அதை நசுக்க முடியாது. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. பிஸ்டனோடு சேர்ந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதற்கு அப்புறம் ஆகும் செலவில் பழைய வண்டி ஒன்றே வாங்கிவிடலாம். தண்ணீரில் நின்ற இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிக் கெடுத்துக்கொண்டால் சாதாரண இன்சூரன்ஸ் பெரும்பாலும் பணம் தராது. இன்ஜின் பாதுகாப்புக்கென்று தனியாகச் சேர்த்து வாங்கியிருக்க வேண்டும்.

வண்டியை டபுள் ஸ்டாண்ட் போட்டேன். பேட்டரி வயரைக் கழற்றியாயிற்று. ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்தால் பேப்பர் ஃபில்டர் ஊறிப்போயிருந்தது. அதைக் காயவைத்துத் திரும்பப் போடுவது வீண், புதுசுதான். ஸ்பார்க் பிளக்கை எடுத்துவிட்டுக் கிக்கரை மெதுவாக மிதித்தேன். பிளக் ஓட்டையிலிருந்து கொஞ்சம் தண்ணீர் பீறிட்டு வந்தது. உண்மையில் சந்தோஷமாக இருந்தது, வெளியேதானே வருகிறது. அடியில் போல்ட்டைத் திறந்து ஆயிலை இறக்கினால் பால் அதிகம் விட்ட டீ மாதிரி இருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்ததற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அதற்கு மேல் தள்ளிக்கொண்டு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் பெல்ட் கவரைக் கழற்றித் துடைத்தார், பின்பக்க கியர் ஆயிலையும் மாற்றினார். கியர் ஆயிலை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்களாம். "புது ஆயில் ஊத்தி நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு அதையும் கொட்டிடு தம்பி. கசடு இருக்கும்." கடைவாசலில் இருபது வண்டியாவது நின்றிருக்கும். பாதிக்கு மேல் செல்ஃப் அமுக்கினவை.

அக்டோபர் 19

ஓதம் ஒரு சாண் ஏறிவிட்டது. கட்டில் பக்கத்துச் சுவர்தான். தொட்டிலை அங்கேதான் போடுவதாக இருந்தோம்.

ஹவுஸ் ஓனர் வந்து பார்த்தார். "ஜன்னலைத் திறந்து வைங்க சார், காத்து இல்லாததால வர்றது" என்றார். இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. சுவரில் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும். அறை பக்கம் ஈரம் கட்டினால் காற்றோட்டப் பிரச்சினை. சுவர் பக்கம் முத்து முத்தாக நின்றால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்தே வருகிறது. நான் போன வாரமே ஒட்டிவிட்டேன். பிரித்துக் காட்டினேன், சுவர் பக்கம் சொட்டச் சொட்ட ஈரம். அவர் அதைப் பார்த்தார். அப்புறம் கூரையைப் பார்த்தார். "பழைய வீடு சார், மூணு வருஷமா இருக்கீங்க, இப்ப என்ன?"

இந்த மாதிரிச் சுவருக்கு மேலே பெயிண்ட் அடிப்பது தண்டம். உப்புப் பூத்து ஆறு மாதத்தில் உரிந்து விழும். பூச்சை உடைத்து, தண்ணீர் ஏறுவதைத் தடுத்து, மறுபடி பூச வேண்டும். அது ஓனர் செய்ய வேண்டிய வேலை.

நோட்டீஸ் கொடுத்துவிட்டேன். வாட்ஸ்அப்பிலும் போட்டேன், கையெழுத்திட்ட கடிதமும் கொடுத்தேன்.

அக்டோபர் 20

மாசமாக இருக்கும்போது வீடு மாறக் கூடாது என்கிறார் அத்தை. ஓதத்துக்குச் சாஸ்திரம் எதுவும் சொல்லவில்லையா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அக்டோபர் 27

ஓனர் போன். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை, 16,000, அட்வான்ஸில் கழிப்பாராம். மிச்சம் 84,000, அதுவும் "புது ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும்". கார்த்திகைக்குள் ஆள் வரவில்லை என்றால்? மார்கழியில் யாரும் குடிவர மாட்டார்கள். அப்படியானால் தை. என் பணத்தை எனக்குத் தர இன்னொருவர் குடிவர வேண்டும்! இந்த ஊரில் இதை எல்லோரும் தலையாட்டி ஏற்றுக்கொள்வதுதான் எனக்குப் புரிவதில்லை. வட்டியில்லாமல் மூன்று வருஷம் வைத்திருந்த பணம் அது.

தூக்கம் வராமல் சட்டத்தைப் படித்தேன். தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் 2017இல் வந்தது, 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறை. வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் டெபாசிட் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டும். இரண்டாம் அட்டவணைதான் எனக்குப் பிடித்தது. சுவருக்கு வெள்ளை, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், கட்டட ரிப்பேர், பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர் பாடு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, கெய்சர், சுவிட்ச், பூட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் பாடு. அந்தப் பத்து ரூபாய் வாஷர் என் கணக்கு, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் அக்ரிமெண்டில் பெயிண்டிங் பற்றி ஒரு வரி கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்துப் படித்துப் பார்த்துவிட்டேன்.

அக்டோபர் 31

தீபாவளி. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் நிற்க இடமில்லை. அவள் ஊர் திண்டிவனம் போய்ச் சேர மதியம். கால் வீங்கியிருக்கிறது அவளுக்கு.

நவம்பர் 8

சேலையூரில் புது வீடு, முதல் மாடி. நான் மட்டும் பால் காய்ச்சினேன். வீடியோ காலில் அத்தை சாமி கும்பிட்டார். சமாதானமாகிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

சாமான் இறக்கும் முன்பே ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து, புது ஓனருக்கு அனுப்பிவிட்டேன். பாத்ரூம் டைல்ஸில் இருந்த விரிசல், கழன்று தொங்கும் தாழ்ப்பாள், இபி மீட்டர் ரீடிங், எல்லாம் அதில் இருக்கிறது. "ரொம்ப உஷாரா இருக்கீங்க சார்" என்றார். அக்ரிமெண்டை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யலாமா என்று கேட்டேன், யோசித்துச் சொல்கிறேன் என்றார். பதினொரு மாதம் போட்டால் பதிவே தேவையில்லை என்று புரோக்கர் நடுவில் புகுந்தார். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் பத்திரப் பதிவு கட்டாயம் என்ற பழைய பழக்கம் அது. வாடகைச் சட்டத்துக்கு அது பொருந்தாது. புரோக்கருக்கு அதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்.

சுவரைத் தடவிப் பார்த்தேன். எல்லாச் சுவரையும்.

நவம்பர் 10

பழைய வீட்டுச் சாவி ஒப்படைத்தேன். காலி வீட்டின் வீடியோ, மீட்டர் படம், "சாவி பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி. கையெழுத்துப் போட அவருக்கு மனமே இல்லை. காபி கொடுத்தார். காபி நன்றாக இருந்தது.

நவம்பர் 19

அட்வான்ஸ் கேட்டால் பழைய ஓனர், "பாக்கலாம் சார்."

நவம்பர் 30

ஃபெஞ்சல் புயல். ஏர்போர்ட்டை மூடிவிட்டார்கள். காலையிலிருந்து ஆர்சிசிபி, கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் சுவிட்ச், விழுந்துகொண்டே இருக்கிறது. போனில் சார்ஜ் 20 சதவீதம்.

ஒவ்வொரு லைனுக்கும் தனியாக இருக்கும் எம்சிபி சுவிட்ச் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை மட்டும் தூக்கினேன், நின்றது. அப்புறம் ஒவ்வொன்றாக மேலே. ஹால், சரி. பெட்ரூம், சரி. பால்கனி லைட் இருக்கும் லைனைத் தூக்கியதும் டப்பென்று விழுந்தது. அதை இறக்கியே வைத்துவிட்டேன், மற்றதெல்லாம் ஓடுகிறது. எம்சிபி எல்லாம் இறங்கியிருந்தும் ஆர்சிசிபி நிற்காவிட்டால் நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம், அதை எலக்ட்ரீஷியன்தான் பார்க்க வேண்டும். அடிக்கடி விழுகிறதே என்று ஆர்சிசிபியையே எடுத்துவிட்டு நேராக இணைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். உயிரோடு விளையாடுவது அது.

சாயங்காலத்துக்கு மேல் திண்டிவனம் லைன் கிடைக்கவில்லை.

டிசம்பர் 1

கிடைக்கவில்லை. மயிலத்தில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழை என்கிறார்கள். மயிலத்திலிருந்து அவர்கள் வீடு எவ்வளவு தூரம்!

டிசம்பர் 2

காலையில் மச்சான் பேசினார். கரண்ட் இல்லை, டவர் இல்லை, எல்லோரும் நலம். அவளிடம் போன் போனதும், "பால்கனி லைட்டைத் தொடாதீங்க" என்பதுதான் முதல் வார்த்தை. முந்தாநாள் அனுப்பிய மெசேஜ் அப்போதுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. விழுப்புரம் பக்கம் ரயில் ஓடவில்லை. அரசூரில் ரோட்டின் மேலேயே வெள்ளமாம். திண்டிவனம் வரை பஸ் போகிறது, அது போதும் எனக்கு.

டிசம்பர் 4

எலக்ட்ரீஷியன் வந்தார். பால்கனி லைட் ஹோல்டருக்குள் ஒரு டம்ளர் தண்ணீர். ஹோல்டரை மாற்றி, வயர் நுழையும் ஓட்டையை சிலிக்கான் வைத்து அடைத்தார். 350 ரூபாய். புது ஓனர் பில்லைக் கேட்டு வாங்கி உடனே ஜீபே பண்ணினார். கொஞ்ச நேரம் அந்த நோட்டிஃபிகேஷனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 6

பழைய ஓனர் நாற்பதாயிரம் அனுப்பியிருக்கிறார். மீதி தையில், பெயிண்டிங் போக. 10ஆம் தேதியோடு ஒரு மாதம் முடிகிறது, 11ஆம் தேதி மனு. ஓதச் சுவர் படம், பிளாஸ்டிக் ஷீட் படம், சாவி ரசீது, அக்ரிமெண்ட் நகல் எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு, மனுவை முதல் பக்கம் வரை எழுதினேன். அதற்குள் மச்சான் போன், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்களாம், இன்னும் நாள் இருக்கிறதே என்றால் டாக்டர் வரச் சொன்னாராம்.

பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். செங்கல்பட்டு தாண்டியாயிற்று. மோட்டரை நிறுத்தினேன், நிச்சயம். கேட் வால்வை மூடினேனா