புரட்டாசி மாதத்து நாலு மணி

செப்டம்பர் 17, 2025

புரட்டாசி பிறந்துவிட்டது. ஐப்பசி வரும்வரை வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. மற்ற வருடங்களில் இதற்காக நான் கணக்குப் பார்த்ததில்லை. இந்த முறை பார்க்க வேண்டியிருக்கிறது. முழங்கால் வலிக்காகப் போனபோது பிசியோதெரபி பார்க்கும் பெண் சொன்னார்: "மூட்டு பரவாயில்லைங்க மேடம், தொடைச் சதைதான் வலுவில்லாம இருக்கு. பயிற்சியும் வேணும், புரதமும் வேணும்."

எனக்கு 56 வயது, எடை 62 கிலோ. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அளவுப்படி, கிலோவுக்கு 0.83 கிராம் என்றால் ஒரு நாளைக்கு 51 கிராமுக்குச் சற்று மேல் புரதம் வேண்டும். காலையில் மூன்று இட்லி, சாம்பார். மதியம் சாதம், பருப்பு, பொரியல், தயிர். ராத்திரி சப்பாத்தியோ தோசையோ. நடுவில் பால் விட்ட காபி. இதெல்லாம் சேர்த்துக் கூட்டினால் 40 கிராம் பக்கம்தான் வருகிறது. இத்தனை நாளும் மிச்சத்தை ஈடுகட்டியவை இரண்டு அவித்த முட்டைகள், சுமார் 12 கிராம். இந்த மாதம் அந்த 12 கிராமுக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 18

சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் அலுவலகத்தில் யாரும் சீட்டில் இருக்க மாட்டார்கள். எதிரே பேக்கரி. கோயம்புத்தூரில் தடுக்கி விழுந்தால் பேக்கரிதான். ஒரு டீ, கூடவே தேங்காய் பன் அல்லது வெஜ் பப்ஸ். பப்ஸில் மைதாவும் கொழுப்பும் நிறைய, புரதம் பேருக்கு. ஐந்தரை மணிக்கெல்லாம் மறுபடியும் பசிக்கும்.

அதனால் இந்த நாலு மணியைத்தான் மாற்றப் போகிறேன். காலை இட்லியில் கை வைத்தால் வீட்டில் எல்லாரையும் மாற்ற வேண்டிவரும். நாலு மணி எனக்கு மட்டுமானது.

பையன் ஜிம்முக்குப் போகிறவன், வே புரோட்டீன் (பாலிலிருந்து பிரித்தெடுக்கும் புரதப் பொடி) டப்பா அவன் அறையில் எப்போதும் இருக்கும். அவனுடையது சாக்லேட் வாசனை, எனக்கு ஒத்துவராது. இனிப்பும் வாசனையும் சேர்க்காத டப்பா ஒன்றை ஆர்டர் போடச் சொன்னேன். "அம்மா, ஒரு ஸ்கூப்புல 24 கிராம் இருக்கு, உனக்குப் பாதி போதும்" என்றான். சரி, டப்பாவோடு வரும் அளவுக் கரண்டியில் பாதி, அரை ஸ்கூப். இரண்டு முட்டைக்குச் சமம்.

செப்டம்பர் 20, முதல் சனிக்கிழமை

காலையில் காரமடை ரங்கநாதரைப் பார்த்துவிட்டு வந்தோம். டப்பாவும் வந்துவிட்டது. அத்தை கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது சைவந்தானா கண்ணு?"

கேட்க வேண்டிய கேள்விதான். பச்சைப் புள்ளியைக் காட்டினேன். அதோடு விட மனசில்லை, எப்படிச் செய்கிறார்கள் என்று உட்கார்ந்து சொன்னேன்.

பாலில் இருக்கும் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின், ஒரு பங்கு வே. சீஸ் செய்யும்போது கேசின் கட்டியாகிவிடும். பிரிகிற தண்ணீரில் வே தங்கிவிடும். பத்து லிட்டர் பாலுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ சீஸ், ஒன்பது லிட்டர் தண்ணீர். அந்தத் தண்ணீரில் புரதம் நூற்றுக்கு ஒரு பங்குகூட இருக்காது. அதை மெல்லிய சவ்வுகளில் வடிகட்டி, சர்க்கரையையும் உப்பையும் நீக்கி, சூடான காற்றில் தெளித்துப் பொடியாக்குகிறார்கள். ஒரு காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சீஸ் ஆலைக்காரர்கள் இதைப் பன்றிகளுக்கு ஊற்றினார்கள், ஆற்றில் விட்டு ஆற்றையும் கெடுத்தார்கள். சவ்வு வடிகட்டல் வந்த பிறகுதான் இதற்கு விலை வந்தது.

பாலைக் கட்டியாக்குவதற்கு அந்தக் காலத்தில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த நொதியைப் போடுவார்கள். இப்போது பெரும்பாலும் நுண்ணுயிர்களைக் கொண்டு செய்வதுதான். அத்தை முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப நாம பன்னீர் செஞ்சு கீழ ஊத்தற தண்ணியிலயும் இது இருக்குமா?" என்றார். கொஞ்சம்தான் இருக்கும். பன்னீருக்குப் பாலை நன்றாகக் கொதிக்க விட்டுப் பிறகு எலுமிச்சை பிழிகிறோம். அந்தச் சூட்டில் வே புரதத்தின் பெரும்பகுதி கேசினோடு ஒட்டிக்கொண்டு பன்னீரிலேயே வந்துவிடும். மிச்சத் தண்ணீரில் சப்பாத்தி மாவு பிசையலாம், வீணாக்க வேண்டாம்.

செப்டம்பர் 22

கலக்கும் பக்குவம் பிடிபட்டது. முதலில் தண்ணீர், அப்புறம் பொடி. பொடிமேல் தண்ணீர் விட்டால் அடியில் பிசினாக அப்பிக்கொள்கிறது, உருண்டையை உடைத்தால் உள்ளே காய்ந்த பொடி அப்படியே இருக்கிறது. மூடி போட்ட பாட்டிலில் குலுக்கினால் மேலே இரண்டு விரல் நுரை நிற்கும். ஐந்து நிமிடம் வைத்தால் அடங்கிவிடும். கொதிக்கிற பாலில் மட்டும் போடக் கூடாது, திரிதிரியாகப் பிரியும். அதனால் சத்து போய்விடாது, ஆனால் வாயில் வைக்க முடியாது.

எனக்குப் பிடித்தது மோர். நீர்மோரில் அரை ஸ்கூப், தட்டின இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு. புளிப்பில் கேசின் திரியும், வே திரியாது. அதனால் மோரோடு நன்றாகச் சேர்ந்துகொள்கிறது. கடையில் விற்கிற எந்த வாசனைப் பொடியையும்விட இது மேல்.

செப்டம்பர் 25

நவராத்திரி. தினம் ஒரு வீட்டுக் கொலு, தினம் ஒரு சுண்டல். பொடி டப்பாவைத் தொடவில்லை. ஒரு கிண்ணம் நிறைய கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்டால் 12 கிராம் புரதம் வந்துவிடும், நார்ச்சத்தும் கூட. சுண்டல் கிடைக்கிற நாளில் பொடிக்கு வேலை இல்லை.

செப்டம்பர் 30

பக்கத்து சீட்டுத் தோழி நான் குடிப்பதைப் பார்த்துவிட்டு அவரும் ஒரு டப்பா வாங்கி வந்தார். பெரிய டப்பா, விலையும் மலிவு. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் அது உடம்பு ஏற்றுவதற்கான கெய்னர். பொருள் பட்டியலில் முதலில் நிற்பது மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்து. அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. புரதம் என்று பெரிய எழுத்தில் போட்டு, மாவை விற்கிறார்கள். எனக்கு வந்த கோபம் அடங்கவே இல்லை. நல்லவேளை, இன்னும் பிரிக்கவில்லை. கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

எதுவானாலும் 100 கிராமில் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். வே கான்சன்ட்ரேட் என்றால் 70-லிருந்து 80 வரை இருக்கும், அதைவிடக் கூடுதலாகச் சுத்திகரித்த ஐசோலேட் 90 பக்கம் வரும். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கு, லாக்டோஸ் (பாலில் உள்ள சர்க்கரை) குறைவான ஐசோலேட் தோதுப்படலாம். பாலே ஒவ்வாமை என்றால் இரண்டுமே ஆகாது.

அக்டோபர் 6

அத்தைக்கும் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவருக்கு 79 வயது, கால் தள்ளாடுகிறது. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தவுடன் வேண்டாம் என்றார்: சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் கூடுதலாக இருக்கிறது. சிறுநீரகம் சரியாக இருப்பவர்களுக்கு அரை ஸ்கூப் ஒன்றும் செய்யாதாம். ஏற்கெனவே பழுதுபட்டிருந்தால் புரத அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டுமாம். கேட்காமல் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. வயதானவர்கள் "தெம்பா இருக்கட்டும்" என்று நாம் கொடுப்பதை மறுக்காமல் குடித்துவிடுவார்கள்.

அக்டோபர் 11

கடைசிச் சனிக்கிழமை. பிசியோதெரபிப் பெண் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழச் சொன்னார். எழுந்துவிட்டேன். பொடியால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன். தினம் காலையும் மாலையும் செய்கிற பயிற்சிதான் சதைக்கு வேலை கொடுக்கிறது; புரதம் அதற்குப் பொருள் கொடுக்கிறது.

2024-இல் வந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவன வழிகாட்டி, உடம்பை ஏற்றுவதற்காகப் புரதப் பொடி வேண்டாம் என்று சொல்கிறது. பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். அவன் ஒரு நாளைக்கு இரண்டு ஸ்கூப் குடித்துவிட்டுக் காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கிறான். அதைத்தான் நான் எதிர்க்கிறேன். சாப்பாட்டை எடுத்துவிட்டுப் பொடி வைப்பது வேறு, பப்ஸை எடுத்துவிட்டு வைப்பது வேறு.

அக்டோபர் 19

ஐப்பசி. நாளைக்குத் தீபாவளி, அடுப்படியில் முறுக்கு வாசனை.

விலையையும் சொல்லிவிடுகிறேன். என் டப்பாவில் அரை ஸ்கூப்புக்கு 40 ரூபாய் ஆகிறது. அதே 12 கிராம் இரண்டு முட்டையில் 15 ரூபாய்க்குள் முடிந்துவிடும். பொட்டுக்கடலை என்றால் 50 கிராமுக்குச் சற்று மேல் சாப்பிட வேண்டும், விலை அதைவிடவும் குறைவு. ஆகவே நாளை மறுநாளிலிருந்து முட்டை திரும்பவும் வருகிறது. மிச்சப் பொடியைச் சின்ன டப்பாவில் போட்டு அலுவலக மேசையில் வைக்கப் போகிறேன், மாதக் கடைசியில் கணக்கு முடிக்க ஏழு மணிவரை உட்காரும் நாட்களுக்கு. மோர் பேக்கரியிலேயே கிடைக்கும்.