பிக்அப் கேபினுக்குள் இரண்டு சப்வூஃபர்: செய்து பார்த்த அனுபவம்

களக்காட்டிலிருந்து திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் வாழைத்தார் ஏற்றிச் செல்ல வாங்கிய டபுள் கேபின் பிக்அப்பை, வாரத்தில் நான்கு நாள் நான் தனியாகத்தான் ஓட்டிச் செல்கிறேன். வழித்துணை பாட்டு மட்டுமே. நான்கு கதவுகளிலும் நல்ல ஸ்பீக்கர் மாற்றிய பிறகும் மனம் நிறையவில்லை. தவிலின் வலப்பக்கமான வலந்தலை விரல் விரலாகக் கேட்டது. தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கமான தொப்பியோ அடுத்த தெருவில் யாரோ வாசிப்பதுபோல் இருந்தது. தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் ஸ்பீக்கரான சப்வூஃபர் இல்லாமல் இது தீராது என்று தெரிந்ததும் எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. காருக்கு டிக்கி உண்டு. பிக்அப்புக்குப் பின்னால் இருப்பது மழையும் வெயிலும் விழும் திறந்த தொட்டி. ஆகவே எதைச் செய்தாலும் கேபினுக்குள்தான் செய்யவேண்டும். பின் இருக்கையில் அம்மாவும் பிள்ளைகளும் முன்போலவே உட்காரவேண்டும், ஜாக்கியை எடுக்கவும் வழி இருக்கவேண்டும்.

முதலில் செய்தது ஒரு சோம்பேறித்தனமான சோதனை. நண்பர் ஒருவர் தம் காரிலிருந்து கழற்றி வைத்திருந்த 12 அங்குல சப்வூஃபர் உள்ள போர்ட் பெட்டியை (காற்று போய்வர ஒரு துளை வைத்த பெட்டி) வாங்கிவந்து, பின் இருக்கையில் ஏற்றி, சீட் பெல்ட்டும் போட்டுவிட்டு ஒரு வாரம் ஓட்டினேன். அதிர்வுக்குக் குறைவில்லை. ஆனால் எந்தப் பாட்டைப் போட்டாலும் கீழ்ச்சுருதி முழுவதும் ஒரே சத்தமாகத்தான் வந்தது. தவிலுக்கும் உறுமிக்கும் கிட்டாரின் அடிநாதத்துக்கும் வேறுபாடே இல்லை. கோவில் கொடையில் வில்லுப்பாட்டுக் குடத்தைப் பக்கத்திலிருந்து கேட்டவர்களுக்குக் காரணம் எளிதில் விளங்கும். குடத்தின் வாயில் தட்டினால், உள்ளே இருக்கும் காற்று தன் கொள்ளளவுக்கும் வாயின் அகலத்துக்கும் பொருந்திய ஒரு சுருதியில்தான் பதில் சொல்லும். போர்ட் பெட்டியும் அப்படி ஒரு குடம்தான். அதைத் தாழ்ந்த சுருதிக்கு இசைத்துச் செம்மையாகச் செய்ய 12 அங்குலத்துக்கு ஐம்பது லிட்டருக்குக் குறையாத கொள்ளளவு வேண்டியிருக்கும். இருக்கையில் ஒருவரை இறக்கிவிட்டால்தான் அதற்கு இடம் கிடைக்கும்.

அடுத்து, துளையே இல்லாத அடைத்த பெட்டியைப் பற்றிப் படித்துக் கணக்குப் போட்டேன். அடைத்த பெட்டியின் ஒலி, அதன் ஒத்ததிர்வுக்கு (அது இயல்பாக அதிரும் சுருதிக்கு) கீழே ஒவ்வொரு ஆக்டேவுக்கும், அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும், 12 டெசிபல் வீதம் சரிந்துகொண்டே போகும். திறந்த வெளியில் இது குறைதான். மூடிய சிறிய கேபினுக்குள் நிலைமை வேறு: கேபினின் நீளம் அலைநீளத்தில் பாதியாக இருக்கும் அதிர்வெண்ணுக்குக் கீழே, ஒலி அலையாக ஓடாமல் உள்ளிருக்கும் காற்று முழுவதையும் ஒன்றாக அமுக்கித் தளர்த்தத் தொடங்குகிறது, அதனால் கீழே போகப்போக ஒலியழுத்தம் கூடும். கொள்கையளவில் இந்த ஏற்றமும் ஆக்டேவுக்கு 12 டெசிபல். என் வண்டியில் முன்கண்ணாடியிலிருந்து பின்சுவர் வரை ஏறத்தாழ இரண்டு மீட்டர். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்லும் என்று வைத்தால், அந்த எல்லை 87 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வருகிறது. பெட்டி எங்கே சரியத் தொடங்குகிறதோ, கிட்டத்தட்ட அங்கேயே கேபின் தாங்கிப் பிடிக்கிறது. தகரமும் கண்ணாடியும் கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் முழுப் பலனும் கிடைக்காதுதான். கிடைக்கும் பங்கே போதுமானது. இடம் இல்லையே என்று நான் நொந்துகொண்டிருந்த அந்தச் சிறிய கேபினே பாதி வேலையைச் செய்யும் என்று புரிந்த பிறகு, பெரிய பெட்டி மீதிருந்த ஆசை போய்விட்டது.

பின் இருக்கைக்கு அடியில் தேடியபோது தரை மேடும் பள்ளமுமாக இருந்தது. வாழைத்தோப்புச் சேறு முழுவதும் அங்கேதான் வந்து சேர்கிறது. முதுகுச் சாய்வுக்கும் பின்சுவருக்கும் இடையில் இருந்த ஆப்பு வடிவ இடைவெளியே பிடித்தது: மேலே 13 செ.மீ., கீழே 23 செ.மீ. நடுவில் ஜாக்கியின் தாங்கி இருந்ததால் அதைத் தொடாமல் இருபுறமும் இரண்டு சிறு பெட்டிகள் என்று முடிவு செய்தேன். குறைந்த ஆழமுள்ள 8 அங்குல ஸ்லிம் சப்வூஃபர் இரண்டு வாங்கினேன். ஒவ்வொன்றும் உள்ளே ஏழு செ.மீ. ஆழம் கேட்டது. சப்வூஃபரில் அதிரும் கூம்பின் முகம் சாய்வின் முதுகைப் பார்த்து இருப்பதால் இடையில் காற்று வெளியேற வழி வேண்டும். கூம்பின் விட்டத்தில் கால் பங்கு இடைவெளி விட்டால், சுற்றிலும் திறந்திருக்கும் பரப்பு கூம்பின் பரப்புக்குச் சமமாகிவிடும். 16.5 செ.மீ. விட்டத்துக்கு நான்கு செ.மீ. சொச்சம் வருகிறது. நான்கைக் கழித்தால் பெட்டிக்கு மிச்சம் மேலே ஒன்பது, கீழே பத்தொன்பது. உயரம் 36, நீளம் 34 என்று வைத்து, பலகைக் கனத்தையும் சப்வூஃபர் அடைக்கும் இடத்தையும் கழித்தபோது பெட்டிக்குப் பத்தரை லிட்டருக்குச் சற்று மேல் நின்றது. அந்த சப்வூஃபருக்குக் கேட்ட அளவு அதுதான்.

அட்டையில் மாதிரி செய்து வைத்துப் பார்த்துவிட்டு ஆசாரியிடம் போனேன். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம் என்றது என் முடிவு. கதவைத் திறந்தாலே சாரல் உள்ளே வரும் வண்டியில் அது நனைந்து ஊதிவிடும். தண்ணீரைத் தாங்கும், ஐ.எஸ். 710 தர முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டில், முகப்புக்கு 18 மி.மீ., மற்றவற்றுக்கு 12 மி.மீ., நடுவில் ஒரு குறுக்குச் சட்டம். மூட்டுகளில் பசையும் திருகும் போட்டு, உள்விளிம்பு முழுவதும் சிலிக்கான் பூசினோம். ஆசாரி அளவுச் சீட்டைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுல தோல் சுத்துவீங்களா? ஒரு நூல் கூடுனாலும் சீட்டு அடையாதுல்லா" என்றார். சுற்றுவேன் என்று தலையாட்டினேனே தவிர, அவர் கேட்டதன் பொருள் என் மண்டையில் ஏறவில்லை. மேலே ஒட்டிய கார்ப்பெட் முன்னும் பின்னும் மூன்று மி.மீ., ஆக இரண்டு நூல். வீட்டுக்கு வந்து வைத்தால் இருக்கைச் சாய்வின் கொக்கி பூட்டவில்லை. அழுத்தித் தள்ளினால் பூட்டியதுபோல் தோன்றி, அடுத்த வேகத்தடையில் கழன்றது. அம்மா சாய்ந்து உட்காரும் இடத்தில் அதை அப்படி விட முடியாது. பின்பக்கக் கார்ப்பெட்டை உரித்துவிட்டு, முகப்பில் சாய்வு இடித்த மேல் விளிம்பை ஆசாரியைக்கொண்டே இழைத்து எடுத்தேன்.

உள்ளே நிரப்ப பாலியஸ்டர் பஞ்சு வாங்கினேன். அது பெட்டியைச் சற்றுப் பெரிய பெட்டியைப்போல் நடந்துகொள்ள வைக்கும். வீட்டில் இலவம் பஞ்சு மூட்டையாகக் கிடந்தது; பொடி உதிர்ந்து, கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலின் இடுக்கில் போய்விடும் என்ற பயத்தில் அதைத் தொடவில்லை. பெட்டிகளை இரும்புப் பட்டைகளால் தரையில் ஏற்கெனவே இருந்த போல்ட் துளைகளில் இறுக்கினேன். சீட் பெல்ட்டின் போல்ட்டைப் பயன்படுத்தவில்லை, தரையில் புதிதாகத் துளையும் போடவில்லை. அடியில் பிரேக் குழாயும் டீசல் டேங்கும் இருக்கின்றன.

மின்சார வேலையில் ஏமாந்தது ஒரே இடத்தில். "முழுச் செம்பு" என்று சொல்லிக் கொடுத்த வயர்க்கட்டில் ஒரு இழையைச் சுரண்டிப் பார்த்தபோது உள்ளே வெள்ளையாக அலுமினியம். அதை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, எலக்ட்ரிக்கல் கடையில் 10 சதுர மி.மீ. செம்பு ஃப்ளெக்சிபிள் வயர் வாங்கினேன். 4 ஓம் சப்வூஃபர் இரண்டையும் பேரலலாக இணைத்தால் 2 ஓம். அதில் 250 வாட் தரும் மோனோ ஆம்ப்ளிஃபயர், முழு வீச்சில் 23 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஐந்து மீட்டர் வயரில் இழப்பு 0.2 வோல்ட்தான். பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் 30 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தேன். எர்த் வயரைக் கேபின் தரையில் பெயின்ட் சுரண்டிய போல்ட்டில் கட்டினேன். பிக்அப்பின் கேபின் ரப்பர் புஷ் மீது சேஸிஸில் உட்கார்ந்திருப்பதால், இரண்டையும் இணைக்கும் பட்டை துருப்பிடித்திருந்தால் இங்கே எவ்வளவு சுரண்டியும் பயனில்லை. என் வண்டியில் அது பச்சைபூத்துக் கிடந்ததைத் தேய்த்துக் கட்டினேன்.

அடுத்த தவறு, நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. பின்சுவர்த் தகரம் அதிராமலிருக்க பியூட்டைல் ஷீட் ஒட்டும் உற்சாகத்தில், மூலையில் இருந்த இரண்டு ரப்பர் மடல்களையும் சேர்த்து மூடிவிட்டேன். மறுநாள் கதவை எப்போதும்போல் சாத்தினால் பாதியில் நின்றது. ஓங்கி அறைந்தால்தான் அடைந்தது. கதவைச் சாத்தும்போது உள்காற்று வெளியேறுவதற்கென்றே வைத்த மடல்கள் அவை. ஷீட்டைக் கத்தியால் வெட்டி எடுத்ததும் கதவு பழையபடி ஆனது.

ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு பெருக்கவேண்டும் என்பதை வைக்கும் கெயினைக் காதால் திருகாமல் மல்டிமீட்டரால் வைத்தேன். 250 வாட்டையும் 2 ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 22.4 வோல்ட். சப்வூஃபரைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் ஒலியை முக்கால் வால்யூமில் ஓடவிட்டு, 22க்குக் கொஞ்சம் கீழே நிறுத்தினேன். தாழ்ந்த ஒலியை மட்டும் உள்ளே விடும் லோபாஸை முதலில் 80 ஹெர்ட்ஸில் வைத்து, பிறகு 70க்கு இறக்கினேன். நான் ஓட்டுநர் இருக்கையில் அமர, மகன் சப்வூஃபரின் ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை மாற்றி மாற்றிப் போட்டான்; 180 டிகிரியில் தொப்பியின் அடி திடீரென்று கூடியது. அன்றுதான் தவில் முன்கண்ணாடியின் பக்கம் வந்து உட்கார்ந்தது. அவ்வளவு தாழ்ந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது என்பதால், பின்னால் இருக்கும் பெட்டி தன்னைக் காட்டிக்கொள்வதில்லை.

குற்றாலச் சாரல் காலத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினால் மட்டும் அந்தச் சுகம் பாதியாகிவிடுகிறது. அமுக்கப்பட வேண்டிய காற்று ஜன்னல் வழியே போய்விடுகிறது. அம்மாவுக்கு வேறு குறை. முதல் பயணத்திலேயே, "முதுகுல எவனோ தட்டுத மாதிரி இருக்குலே" என்றார். சாய்வின் பின்தகட்டில் மிச்சமிருந்த பியூட்டைலை ஒட்டியதில் தட்டல் குறைந்தது. மீதியைக் குறைக்க ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வால்யூம் குமிழ் வைத்திருக்கிறேன். அவர் ஏறினால் அது பூஜ்யத்துக்குப் போகும்.

இப்போது நடப்பது கடகட வேட்டை. கைப்பேசியில் 30 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியை ஓடவிட்டுக் கேட்கிறேன். 43இல் ஜாக்கிக் கம்பி பேசியது. பழைய சைக்கிள் டியூபைச் சுற்றியதும் அடங்கியது. 58இல் சீட் பெல்ட்டின் கொண்டி. பின்கண்ணாடியின் ரப்பர் 38இல் முனகுவது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் தம்மிடம் கொண்டுவந்து நிறுத்தும்படி கண்ணாடிக்காரர் சொல்லியிருக்கிறார்.