கோடும் காய வேணும், நெல்லும் காய வேணும்

நாங்கள் பெயின்ற் செய்யத் தொடங்கியது சுவருக்குத்தான். கனகராயன்குளத்தில் ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, மாமாவின் பழைய நெல் ஸ்ரோர். போர் முடிந்து வீட்டுத்திட்ட வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். மலிவான எமல்சன் ஒன்றைக் கலக்கி வாளியில் விற்றோம். வீடுகள் கட்டி முடிய வியாபாரமும் படுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வீதிகள் காப்பற் ஆகிக்கொண்டிருந்தன. "கறுப்பு றோட்டு வந்தால் வெள்ளைக் கோடும் வரத்தானே வேணும்" என்றார் மச்சான். எங்கள் சந்தை ஆய்வு அவ்வளவுதான்.

சுவர்ப் பெயின்ற் நாளைக்குக் காய்ந்தாலும் குடி முழுகாது. வீதிப் பெயின்ற் பத்துப் பதினைந்து நிமிடத்தில் டயரில் ஒட்டாத நிலைக்கு வந்துவிட வேண்டும். எங்களுக்காக ஏ9ஐ யார் பூட்டி வைப்பார்கள்? (போரில் பூட்டி வைத்த காலம் ஒன்று இருந்தது, அது வேறு கதை.) மாதிரியைக் கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். இரண்டு ரப்பர் வளையம் மாட்டிய கனமான இரும்பு உருளையைச் சரிவிலிருந்து பெயின்றின் மேல் உருட்டி விடுவார்கள். வளையத்தில் வெள்ளை ஒட்டினால் தோல்வி. எங்களுடையது நன்றாகவே ஒட்டியது. கரைப்பானை மாற்றி, பிசினைக் குறைத்துக் கூட்டி, ஸ்ரோர் வாசலில் சைக்கிள் சில்லை உருட்டி உருட்டிப் பார்த்தோம்.

இரண்டாம் தரம் வேறொரு வினை. ஒரு மாதம் கிடந்த வாளியைத் திறந்து தடியைக் குத்தினேன். தடி வேலிக்கு நட்ட கதியால் மாதிரி நேரே நின்றது. வீதிப் பெயின்றில் வெள்ளைத் தூளும் கல்சைற் என்கிற சுண்ணக்கல் தூளும் அதிகம், பாரம் எல்லாம் அடியில் போய் இறுகிவிடும். அது படியாமல் இருக்கக் கொஞ்சம் பென்ரோனைற் களி சேர்க்க வேண்டும். சேர்த்தால் மட்டும் போதாது, பல்லு வைத்த தட்டு வேகமாகச் சுற்றி அதை உடைத்துக் கலக்க வேண்டும். துடுப்பு மாதிரி ஒன்றால் கிண்டிக்கொண்டிருந்த எங்களுக்கு அந்த மெசினுக்கே ஒரு கடன் தேவைப்பட்டது. மூன்றாம் தரம் பாஸ். சுற்றாடல் அனுமதிப்பத்திரத்துக்கு அலைந்ததை எழுதினால் இந்தப் பக்கம் காணாது, விடுகிறேன்.

முதல் வேலை ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் மஞ்சள் கடவை. பெயின்ற் எங்களுடையது, அடித்தது ஒரு ஒப்பந்தகாரரின் ஆட்கள். மார்கழி மாதம், இரண்டு மழைக்கு நடுவில் வெயில் எறித்த ஒரு பகல். மூன்றாம் கிழமை பெயின்ற் தோல் மாதிரி உரிந்தது. "உங்கட சாமான் சரியில்லை" என்று காசை நிறுத்திவிட்டார். நான் மோட்டார்சைக்கிளில் போய் உரிந்த துண்டொன்றைக் கையில் எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்கக் கிரவல் தூசி. பெயின்ற் ஒட்டித்தான் இருந்திருக்கிறது, தூசியில். கீழே ஈரம் வேறு. காட்டினேன், காசு வரவில்லை. அன்று முதல், பெயின்ற் போகிற இடமெல்லாம் எங்களில் ஒருவர் போவது என்று முடிவெடுத்தோம். பட்டா லொறியில் வாளிகளோடு தும்புத்தடியும் காற்று அடிக்கிற மெசினும் ஏறின. எங்கள் தொழில் வளர்ந்தது ஸ்ரோருக்குள் இல்லை, அந்தத் தும்புத்தடியோடு வீதிக்கு இறங்கின பிறகுதான்.

வீதியில் நின்றுதான் கண்ணாடி மணியையும் படித்தோம். பார்வைக்குச் சீனி மாதிரி, தொட்டால் வழுக்கும் பொடி. ஈரக் கோட்டின் மேல் உடனே தூவ வேண்டும். மணி பாதியளவு பெயின்றுக்குள் புதைந்து பாதி வெளியே நின்றால்தான் இரவில் வாகன வெளிச்சம் திரும்பிச் சாரதியின் கண்ணுக்கு வரும். பெயின்ற் மெல்லிசாக இருந்தால் மணி பறந்துவிடும், தடிப்பாக இருந்தால் மூழ்கிவிடும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லா வாகனமும் ஓரங்கட்டி நிற்பதால் அங்கே கோடு முதலில் தேய்வதும், கச்சான் விற்கிற அக்காமார் தேய்வதைப் பார்த்து எங்களுக்குச் சொல்வதும் தனிக்கதை.

பிறகு தெர்மோபிளாஸ்ரிக். பிசின், வெள்ளைத் தூள், கல்சைற், மணல், மணி எல்லாம் காய்ந்தபடியே கலந்து பையில் கட்டுவது. வீதியில் கொப்பரையில் 180 முதல் 200 பாகை வரை உருக்கி இழுப்பார்கள். பையையும் அவிழ்க்கத் தேவையில்லை, அதுவும் சேர்ந்து உருகிவிடும். கரைப்பான் நாற்றமும் இல்லை, ஸ்ரோர் பற்றி எரிந்துவிடும் என்ற பயமும் இல்லை. மூன்று பேராக இருந்தவர்கள் பதினொரு பேரானோம்.

2022இல் எல்லாம் நின்றது. 200 ரூபாயாக இருந்த டொலர் 360ஐத் தொட்டது, எங்கள் வெள்ளைத் தூளான டைட்டேனியம் டைஒக்சைட் எந்தக் கடையிலும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரம் வேறு. அந்த வெள்ளைத் தூளுக்கு மூலப்பொருள் இல்மனைற். கொக்கிளாய்க்கு அங்கால் புல்மோட்டைக் கரையில் கிடக்கிற கறுப்பு மணலில் இருப்பது அதுதான். இங்கிருந்து கறுப்பாகக் கப்பலேறிப் போகும், வெளிநாட்டிலிருந்து வரும் வெள்ளைத் தூளுக்கு நாங்கள் டொலர் கட்ட வேண்டும். அந்த வருடம் மதகுக் கட்டுகளுக்கும் தண்ணீர்த் தாங்கிகளுக்கும் கிடைத்ததை அடித்துச் சமாளித்தோம். நாலு பேர் வேலையை விட்டுப் போனார்கள், இருவர் திரும்பி வந்தார்கள்.

போன மாசி மாதம் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வேலை. கோடு போடத் தோதான காய்ந்த காலம், காலபோக அறுவடையும் அப்போதுதான். கரைக்கோடு வர வேண்டிய இடத்தில் அரைக் கிலோமீற்றருக்குப் படங்கு விரித்து நெல். நடுவில் ஒரு ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு நின்றார்.

"ஐயா, ரெண்டு நாள் எடுத்து வையுங்கோவன்."

"எங்க வைக்கிறது? உங்கட கண்ணாடிப் பொடி நெல்லுக்க விழுந்தால் ஆர் தம்பி வாங்குவினம்?"

அவர் சொன்னது நியாயம். நடுக்கோட்டை முதலில் முடித்தோம், கரைக்கோட்டை அந்த இடத்தில் விட்டுத் தாண்டிப் போனோம். மூன்றாம் நாள் விடியக் கோல் எடுத்தார், "ஏத்தியாச்சு, வாங்கோ." இரண்டு தரம் கூட்டி, காற்றடித்து, இழுத்தோம்.

தடிப்பு அளக்க வந்த பொறியியலாளர் ஓரிடத்தில் குந்தியிருந்து நகத்தால் சுரண்டினார். வெள்ளைக்குள் பழுப்பாக ஏதோ.

"இது என்ன, மணியா?"

"ஓம் சேர், நெல்மணி."