தமிழ்த் திரைக்கு எவ்வளவு வெற்றிடம் வேண்டும்?

இணையதளம் ஒன்றின் முதல் வரைவை வாடிக்கையாளரிடம் காட்டும்போது பெரும்பாலும் முதலில் எழும் கேள்வி, "இந்த இடம் ஏன் சும்மா கிடக்கிறது, இங்கே ஏதாவது போடலாமே" என்பதுதான். பணம் கொடுத்து வாங்கிய மனையில் ஒரு மூலை தரிசாகக் கிடப்பதைப் போல அவருக்கு அது தோன்றுகிறது. அந்தப் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் எழுத்தும் படமும் இல்லாத அந்தப் பகுதி, எது எதோடு சேர்ந்தது, எதை முதலில் பார்க்க வேண்டும், எங்கே ஒரு செய்தி முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பதையெல்லாம் படிப்பவருக்குத் தெரிவித்துக்கொண்டிருக்கிறது. இடத்தை நிரப்பிவிட்டால் அந்தத் தகவல் போய்விடும். தமிழில் இணையதளங்களையும் செயலிகளையும் வடிவமைப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணம் நம் எழுத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

முதலில் மிக எளிய ஓர் இணையப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். 'பெயர்' என்ற தலைப்பு, அதன் கீழே நிரப்புவதற்கு ஒரு கட்டம்; 'தந்தை பெயர்' என்ற தலைப்பு, அதன் கீழே இன்னொரு கட்டம்; இப்படியே பத்துப் பன்னிரண்டு வரிசைகள். தலைப்புக்கும் கட்டத்துக்கும் இடையே 16 பிக்சல், கட்டத்துக்கும் அடுத்த தலைப்புக்கும் இடையிலும் அதே 16 பிக்சல் என்று வைத்துவிட்டால், படிவத்தின் தொடக்கத்தில் குழப்பம் இருக்காது. கைபேசியில் பாதி தூரம் நகர்த்தி நடுவில் நிற்பவருக்கோ, 'அஞ்சல் குறியீடு' என்ற சொல் மேலே உள்ள கட்டத்துக்கு உரியதா, கீழே உள்ளதற்கு உரியதா என்பது தெரியாது. தலைப்புக்கும் அதன் கட்டத்துக்கும் நடுவே 6 பிக்சலும், அந்த இணைக்கும் அடுத்த இணைக்கும் நடுவே 24 பிக்சலும் வைத்துப் பாருங்கள். ஒரு கோடு போடாமல், ஒரு நிறம் மாற்றாமல், எது எதற்கு உரியது என்பது விளங்கிவிடுகிறது. ஒன்றின் உள்ளே இருக்கும் இடைவெளி அதைச் சுற்றியுள்ள இடைவெளியைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்ற இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே பாதிப் பக்கங்கள் சீராகிவிடும்.

இதன் உளவியல் அடிப்படை புதியதன்று. உளவியலாளர் மேக்ஸ் வெர்தைமர் 1923-இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட கட்டுரையில், வெறும் புள்ளிகளின் வரிசைகளைக் கொண்டே, அருகருகே இருப்பவற்றை நம் கண் தானாகவே ஒரு குழுவாகக் கொள்கிறது என்பதைக் காட்டியிருக்கிறார். அச்சு வடிவமைப்பில் ஜான் ஷிகோல்ட் 1928-இல், எழுத்துகளுக்குப் பின்னால் கிடக்கும் வெள்ளைத் தாளைச் செயலற்ற பின்னணியாகக் கருதக்கூடாது, பக்க அமைப்பில் பங்கேற்கும் ஓர் உறுப்பாகக் கருத வேண்டும் என்று வாதிட்டார். இடைவெளியை நம்பாதவர்கள் அதன் வேலையைக் கோடுகளுக்கும் பெட்டிகளுக்கும் கொடுக்கிறார்கள். இரண்டு கோடுகளை நெருக்கமாக வரைந்தால் அவற்றின் நடுவே உள்ள வெள்ளைப் பட்டையும் மூன்றாவது உருவமாகக் கண்ணில் படும். தகவல் வடிவமைப்பு அறிஞர் எட்வர்ட் டஃப்டி இதை ஒன்றும் ஒன்றும் சேர்ந்து மூன்றாகிற நிலை என்று விளக்கினார். பெட்டிக்குள் பெட்டி வைத்த பக்கங்கள் சோர்வு தருவதற்கு இதுவே காரணம்.

இணையத்தில் இடைவெளி எளிதாகக் கிடைத்துவிடவும் இல்லை. இணையப் பக்கங்களை எழுதும் ஹெச்டிஎம்எல் மொழியில் நீங்கள் எத்தனை முறை இடைவெளிப் பட்டையைத் தட்டினாலும் உலாவி அத்தனையையும் ஒன்றாகச் சுருக்கிவிடும். எனவே தொண்ணூறுகளின் வடிவமைப்பாளர்கள், ஒரு பிக்சல் அகலமும் ஒரு பிக்சல் உயரமும் கொண்ட, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜிஃப் படத்தைப் பக்கத்தில் செருகி, அதை வேண்டிய அளவுக்கு இழுத்து விரித்து இடம் உண்டாக்கினார்கள். மார்ஜின் (வெளி இடைவெளி), பேடிங் (உள் இடைவெளி), வரி உயரம் ஆகியவற்றைத் தந்த, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழியின் முதல் பதிப்பு 1996 டிசம்பரில் வெளிவந்த பிறகும், உலாவிகள் அதை முழுமையாக ஏற்கும்வரை, அந்தப் படத்தின் பயன்பாடு பல ஆண்டுகள் தொடர்ந்தது. வெறுமையைக்கூடப் பொருளாகச் செய்து உள்ளே வைக்க வேண்டியிருந்த அந்தக் காலத்தை நினைக்கும்போது, இன்று ஒரே வரியில் கிடைப்பதை நாம் எவ்வளவு அலட்சியமாகக் கையாள்கிறோம் என்று எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இடைவெளி கூடினால் புரிதல் இத்தனை சதவீதம் கூடும் என்று ஓர் எண்ணை இணையத்தில் பலரும் எடுத்தாள்கிறார்கள். அதை நான் பயன்படுத்துவதில்லை. அமெரிக்காவின் விச்சிட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வு ஒன்றின் முடிவு அதைவிட நுட்பமானது. பக்கத்தைச் சுற்றி ஓர இடைவெளி இருந்த உரையைப் படித்தவர்கள் மெதுவாகப் படித்தார்கள், ஆனால் கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள். வரிகளுக்கு இடையிலான இடைவெளி புரிதலை மாற்றவில்லை, ஆயினும் வாசகர்களின் விருப்பத்தை மாற்றியது. அது ஆங்கில உரையை வைத்து நடந்த சிறிய ஆய்வு என்பதால், அதன் முடிவை அப்படியே தமிழுக்குப் பொருத்தக்கூடாது. குறிப்பாக வரி இடைவெளியைப் பொறுத்தவரை, தமிழின் நிலை ஆங்கிலத்தின் நிலையிலிருந்து பெரிதும் வேறுபட்டது.

நம் ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கு இடையே இடம் விடும் வழக்கம் இல்லை; மெய்யெழுத்தின் புள்ளியும் பெரும்பாலும் இடப்படவில்லை; செய்யுளும் உரைநடையைப் போலவே ஓலையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை ஓடியது. கயிறு கோக்கும் துளையைச் சுற்றி மட்டும் சிறிது இடம் விடப்பட்டிருக்கும். உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்களின் உழைப்பில் பெரும்பகுதி, சொல் எங்கே முடிகிறது, அடி எங்கே முடிகிறது, மூலம் எது, உரை எது என்று பிரித்தறிவதில் கழிந்தது. அவர்கள் அச்சுப் பக்கத்தில் விட்ட ஒவ்வோர் இடைவெளியும் ஒரு புலமை முடிவு. வெற்றிடம் பொருளைச் சுமக்கிறது என்பதற்கு நம் மொழியில் இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

இப்போது வரி உயரத்துக்கு வருவோம். ஆங்கிலத்தின் சிறிய எழுத்துகளில் ஏறக்குறையப் பாதி நடுப்பட்டையில் அடங்கிவிடும். மேலே நீளும் எழுத்துகளும் கீழே தொங்கும் எழுத்துகளும் அங்கங்கே வருவதால் வரிகளின் நடுவே இயல்பாகவே காற்றோட்டம் கிடைக்கிறது. தமிழ் எழுத்து அப்படியன்று. கி, தீ, றீ என்று மேலே வளையும் குறிகளும், கு, ரு, மூ, ழு என்று கீழே இறங்கும் கொடிகளும் ஒரே வரியில் நெருங்கி வருகின்றன; உடல் பகுதியே உயரமும் அகலமும் கொண்டது. ஆங்கில உரைக்குப் போதுமான, எழுத்தளவின் 1.4, 1.5 மடங்கு என்ற வரி உயரத்தை அப்படியே வைத்தால், மேல்வரியின் 'மூ' கீழ்வரியின் 'தீ' மீது வந்து உட்காரும் நிலைக்கு அருகில் போய்விடுகிறது. பத்தி ஒரே கறுப்புத் திட்டாகத் தெரிவதும், வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண் தேடித் தடுமாறுவதும் இதனால்தான். நான் தமிழ்ப் பத்தி உரைக்கு 1.7-இல் தொடங்கி, எழுத்துருவைப் பொறுத்து 1.8 வரை போகிறேன். தலைப்புகளுக்கு ஆங்கிலத்தில் வழக்கமான 1.1 தமிழில் எந்த எழுத்துருவுக்கும் பொருந்தி நான் பார்த்ததில்லை, 1.35-க்குக் கீழே இறங்கவே கூடாது.

வரியின் நீளத்திலும் இதே சிக்கல் உண்டு. ஒரு வரியில் 60 முதல் 75 எழுத்துகள்வரை இருக்கலாம் என்ற அறிவுரை லத்தீன் எழுத்துகளை எண்ணிச் சொல்லப்பட்டது. 'கொண்டிருக்கிறார்கள்' என்ற ஒரே சொல் நமக்கு 10 எழுத்துகள். யூனிகோடு கணக்கில் அது 19 குறியீடுகள். சிஎஸ்எஸ்ஸில் வரி நீளத்தை வரையறுக்கப் பலரும் பயன்படுத்தும் 'சிஎச்' என்ற அலகோ, அந்த எழுத்துருவில் உள்ள சுழியம் என்ற எண்ணின் அகலத்தைக் குறிக்கிறது. ஒரு 'ணை'யோ 'ஞா'வோ பிடிக்கும் இடத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. எண்ணிக்கையை விட்டுவிட்டு, அகன்ற திரையில் ஒரு வரிக்கு எட்டு முதல் பத்துச் சொற்கள் அமையும்படி பத்தியின் அகலத்தை வைத்து, இரு பக்கமும் மீதியைத் தயங்காமல் காலியாக விடுவதே எனக்குச் சரியாக வருகிறது.

கைபேசியில் நிலைமை தலைகீழ். 360 பிக்சல் அகலத் திரையில் இரு ஓரங்களுக்கும் 16 பிக்சல் விட்டால் எஞ்சுவது 328. வழக்கமான 16 பிக்சல் அளவு எழுத்தில் அங்கே மூன்று நான்கு தமிழ்ச் சொற்கள்தான் நிற்கும். அந்த வரியை இரு ஓரமும் சமமாக நேர்செய்யச் சொன்னால், உலாவி சொற்களின் நடுவே பெரும் பள்ளங்களை உருவாக்கும். நீண்ட சொல் ஒன்று அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டுவிட்டால், எஞ்சிய இரண்டு சொற்கள் இரு மூலைகளில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பல செய்தித் தளங்கள் அச்சு நாளிதழின் தோற்றத்தை விரும்பி இதைத் தொடர்ந்து செய்கின்றன. அச்சில் கோப்பவர் சொல்லை முறித்துச் சரிசெய்வார். திரையில் அந்தக் கவனம் யாரிடமும் இல்லை. இது வெற்றிடம் அதிகமாகி வந்த கேடன்று, இருக்கக்கூடாத இடத்தில் இருப்பதால் வந்த கேடு. தமிழ்ப் பத்தியை இடப்பக்கம் மட்டும் நேராக வைத்து, வலப்பக்கத்தை ஏற்ற இறக்கமாக விட்டுவிடுவதே முறை என்பதில் எனக்கு ஐயமில்லை.

மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்த வழிசெய்யும் அணுகல்தன்மை விதிகளும் இடைவெளியைப் பற்றித் தெளிவாகப் பேசுகின்றன. இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பயனர் தம் வசதிக்காக வரி உயரத்தை எழுத்தளவின் 1.5 மடங்காகவும், பத்திகளின் இடைவெளியை 2 மடங்காகவும், எழுத்துகளின் இடைவெளியை 0.12 மடங்காகவும், சொற்களின் இடைவெளியை 0.16 மடங்காகவும் மாற்றிக்கொண்டாலும் பக்கத்தில் எதுவும் மறைந்துபோகக்கூடாது என்கிறது. ஒரு மொழியின் எழுத்து முறையில் இவற்றுள் ஏதேனும் ஒன்று வழக்கில் இல்லையென்றால் அதைத் தவிர்க்கலாம் என்ற விலக்கும் அதில் உண்டு. அதே வழிகாட்டுதலின் 2023-இல் வந்த 2.2 பதிப்பு, விரல் தொடும் இலக்குகள் குறைந்தது 24 பிக்சல் அகலமும் உயரமும் கொண்டிருக்க வேண்டும் என்று விதித்தது. அதைவிடச் சிறிய பொத்தானாக இருந்தாலும், அதன் மையத்தில் 24 பிக்சல் விட்டமுள்ள வட்டம் ஒன்றை வரைந்தால் அது பக்கத்துப் பொத்தானைத் தொடாத அளவுக்குச் சுற்றிலும் இடம் இருந்தால் போதும் என்கிறது. எதுவும் எழுதப்படாத இடத்தை ஒரு தொழில்நுட்பத் தரநிலை பொத்தானின் பகுதியாகவே ஏற்றுக்கொண்டிருப்பதை இதில் காணலாம். பேருந்தில் நின்றபடி ஒரு கையால் கட்டணம் செலுத்துபவருக்கு, 'ரத்து செய்' பொத்தானும் 'உறுதி செய்' பொத்தானும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பது அழகு பற்றிய கேள்வி அன்று.

இதற்காக எல்லாவற்றையும் பரப்பி வைத்து, முதல் திரை முழுவதும் ஒரு படமும் நான்கு சொற்களுமாக வைக்கும் பாணியை நான் ஏற்கவில்லை. நாள் முழுவதும் ஒரே திரையில் வேலை செய்யும் கணக்கருக்கும், நூற்றுக்கணக்கான மின்னஞ்சல்களைப் பிரிப்பவருக்கும், பங்குச் சந்தை விலைகளைக் கவனிப்பவருக்கும் அடர்த்திதான் வசதி. அவர்களுக்கு ஒவ்வொரு நகர்த்தலும் நேர இழப்பு. ஜிமெயில் வரிசைகளின் நெருக்கத்தைப் பயனரே தேர்ந்தெடுக்க விட்டிருப்பது நல்ல தீர்வு. அடர்த்தியான அட்டவணையிலும், கிடைவரிசைகளுக்கு இடையே உள்ளதைவிட நெடுவரிசைகளுக்கு இடையே சற்றுக் கூடுதல் இடம் விட்டால் கண் தடம் மாறாமல் கீழே இறங்கும்.

நான் உண்மையிலேயே கவலைப்படுவது தமிழ்ச் செய்தித் தளங்களைப் பற்றி. இரண்டு பத்திக்கு ஒரு விளம்பரம், அதன் கீழே 'இதையும் படியுங்கள்' என்று வேறொரு செய்தியின் தலைப்பு, திரையின் அடியில் ஒட்டிக்கொண்டே வரும் காணொளி. வருவாய்த் தேவையை நான் மறுக்கவில்லை. விளம்பரம் இல்லாமல் பல தளங்கள் நடக்காது. ஆனால் விளம்பரத்துக்கும் செய்தியின் அடுத்த வரிக்கும் நடுவே 4 பிக்சல்கூட விடாதபோது, விளம்பர வாசகம் செய்தியின் தொடர்ச்சியாகவே படிக்கப்படுகிறது. விளம்பரத்துக்கு மேலேயும் கீழேயும் 32 பிக்சல் விட்டு, 'விளம்பரம்' என்று சிறிய எழுத்தில் குறித்துவிட்டால் வருவாயிலிருந்து எதுவும் குறையப்போவதில்லை, படிப்பவரின் நம்பிக்கையும் மிஞ்சும்.

வடிவமைப்புக் கோப்புகளில் மாதிரி உரையாக லோரம் இப்சத்தை வைத்துப் பழகியதே இவற்றுள் பல கோளாறுகளுக்கு மூலம். லத்தீன் சாயல் கொண்ட அந்த உரையில் அளவான பொத்தான்களும் அகலமான இடைவெளிகளும் அழகாகத் தெரியும். பின்னர் 'சப்மிட்' இருந்த இடத்தில் 'சமர்ப்பிக்கவும்' வந்ததும் பொத்தான் இரண்டு வரியாகி, உள்ளே விட்டிருந்த பேடிங் காணாமல்போய், உயரம் மாறாதபடி பூட்டப்பட்டிருந்தால் மேல்வளைவுகளும் கீழ்க்கொடிகளும் வெட்டுப்பட்டு நிற்கும். முதல் நாளிலிருந்தே உண்மையான தமிழ் உரையை வைத்து வரைய வேண்டும். பொத்தான்களுக்கு உயரத்தைப் பூட்டாமல், மேலும் கீழும் பேடிங் மட்டும் கொடுக்க வேண்டும். தலைப்புகளைச் சோதிக்க, ஸ்ரீ, மூ, ழூ, றீ ஆகிய எழுத்துகள் அடுத்தடுத்த வரிகளில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும் சொற்றொடர்களையும், 'ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன' போன்ற நீளச் சொற்களையும் கொண்ட ஒரு மாதிரிப் பக்கத்தை வைத்துக்கொண்டு, 360 பிக்சல் அகலத்திலும், பயனர் எழுத்தளவை 200 சதவீதமாகப் பெருக்கிய நிலையிலும் அதைத் திறந்து பார்க்க வேண்டும்.