ரேஞ்ச்ஃபைண்டர் கேட்டவங்களுக்கு

டப்பால 1000 யார்டுன்னு போட்டிருக்கறத நம்பி, தூரம் அளக்கற கருவியான லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கீராதீங்க. அது பளபளன்னு லேசரத் திருப்பி அடிக்கற போர்டுக்கு உண்டான தூரமுங்க, மரத்துக்குக் கொறையும், மான் தோலுக்கு இன்னும் கொறையும், வெளிநாட்டுல வேட்டைக்குப் போறவன் மானுக்குன்னு தனியா போட்டிருக்கற தூரத்தத்தான் பாப்பான். நமக்கு வேட்டையெல்லாம் ஆகாதுங்க, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்குது, காட்டுப்பன்னி சோளக்காட்டையே மேஞ்சாலும் நாமளா சுட முடியாது.

10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடற பசங்களுக்கும் இது எதுக்குங்க, தூரத்த அளந்துதான கோடே போட்டிருக்குது!

பெரும்பாலும் உள்ள 905 நானோமீட்டர் லேசர், கண்ணுக்குத் தெரியாது, பட்டுத் திரும்பற நேரத்த வச்சு தூரம் சொல்லுது, 100 மீட்டர் போயிட்டு வர ஒரு செகண்டக் கோடியா வகுந்து அதுல ஏழு பங்கு கூட ஆகாது. வாங்குனதும் யார்ட மீட்டருக்கு மாத்தீருங்க, 100 யார்டுங்கறது 91.44 மீட்டர்தான். சரிவுக்குக் கணக்குப் போடற மாடலா இருந்தா நல்லது, சென்னிமலை மாதிரி மேட்டுல இருந்து 30 டிகிரி கீழ பாத்தா 100 மீட்டர்னு காட்டும், ஆனா குண்டு எறங்கறதுக்கு 87 மீட்டர் கணக்குதான்.

கோல்ஃபுக்கு விக்கறது ஆகுமான்னு ஒரு மாப்ள கேட்டிருந்தாப்டி. அது கொடிக்கம்பத்தப் புடிக்கறதுக்காக முன்னால நிக்கறதத்தான் எடுக்கும், வேட்டைக்குன்னு வர்றது முள்ளுச்செடியத் தாண்டிப் பின்னால இருக்கறத எடுக்கும். ரெண்டு மோடும் இருக்கற மாதிரி பாத்து வாங்கு மாப்ள.