கேசெட்டு சிக்கிட்டா?

போன டிசம்பர். கன்னியாகுமரி மாவட்டத்து அழகியமண்டபத்திலிருந்து உள்ளே போகிற ஒரு ரோட்டில் கிறிஸ்மஸ் கேரல் ரவுண்டு. முன்னால் டெம்போ, அதில் இரண்டு பேஸ் பாக்ஸ், ஒரு ஜெனரேட்டர், நான், என் லேப்டாப். பின்னால் நாலு கிறிஸ்மஸ் தாத்தா, அதில் ஒருத்தனுக்கு முகமூடி வழுக்கிக் கழுத்தில் தொங்குகிறது. அவர்களுக்குப் பின்னால் ஊர்ப் பயல்கள் இருபது பேர். லேப்டாப்பிலேயே நான் போட்ட டான்ஸ் டிராக் முதல்தடவையாக ரோட்டில் ஓடுகிறது.

முதல் நிமிடம் நன்றாகவே ஆடினார்கள். இரண்டாவது நிமிடத்தில் ஆட்டம் நடையாகிவிட்டது. மூன்றாவது நிமிடத்தில் ஒரு தாத்தா அங்கியைத் தூக்கிப் பாக்கெட்டில் இருந்து போனை எடுத்தார். அப்போதுதான் டெம்போவின் முன் சீட்டில் இருந்து ஜெனரேட்டர் இரைச்சலையும் தாண்டி அப்பாவின் குரல் வந்தது.

"லேய், கேசெட்டு சிக்கிட்டா?"

அப்பா முப்பது வருஷம் மைக் செட் நடத்தியவர். கோயில் கொடை, சர்ச் திருவிழா, கல்யாணம், கட்சி மீட்டிங் எல்லாம் பார்த்தவர். ஒரே துண்டு திரும்பத் திரும்பக் கேட்டால் டேப் சிக்கியிருக்கிறது, பென்சிலை எடு என்பதுதான் அவருக்குப் பழக்கம். கிண்டலுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். கிண்டல் என்றால் இந்த அளவுக்கு வலித்திருக்காது.

நான் செய்து வைத்திருந்தது இதுதான். வேகம் நிமிடத்துக்கு 128 தாள அடி. நாலு அடி சேர்ந்த தாள அளவு ஒரு பார், அப்படி 8 பார் சரியாக 15 நொடி. கணக்கு அழகாக விழுகிற வேகம் என்பதால் எனக்கு 128 ரொம்பப் பிடிக்கும். 4 நிமிட டிராக்கில் 128 பார் வரும், அதாவது பதினாறு எட்டுகள். ஒவ்வொரு எட்டு முடியும்போதும் ஒரு புதுச் சரக்கு இறக்கினேன். முதலில் கிக் மட்டும், 'தும் தும்' என்று அடிக்கிற பெரிய டிரம். பிறகு கிளாப். பிறகு ஹை-ஹேட், 'சிக் சிக்' என்கிற சின்னத் தாளத்தட்டு. பிறகு பேஸ், அடிக்குரல். ஒவ்வொன்று இறங்குவதற்கு முன்னாலும் 'ஷ்ஷ்ஷ்' என்று ஏறுகிற ஒரு நாய்ஸ், இறங்கியதும் தலையில் ஒரு சிம்பல். டிராக் செய்கிற எஃப்எல் ஸ்டுடியோ சாஃப்ட்வேர் திரையில் பார்த்தால் கல்லில் வெட்டின படிக்கட்டு மாதிரி இருந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ்கூட வைத்தேன்.

15 நொடிக்கு ஒரு மாற்றம் வைத்திருக்கிறேன், இவர்களுக்கு என்ன சலிப்பு என்று அன்று ராத்திரி எனக்குக் கோபம்தான் வந்தது. ஜனவரி பாதியில்தான் விஷயம் விளங்கியது. முதல் சிம்பலுக்குக் காது நிமிர்கிறது. இரண்டாவதுக்கு, சரி. மூன்றாவதுக்குள் உடம்பு அந்த 15 நொடியை எண்ணப் படித்துவிடுகிறது, எண்ணத் தெரியாதவன் உடம்பும் கூட. அதற்குப் பிறகு நான் எதைக் கொண்டுவந்து இறக்கினாலும் அது இறங்க வேண்டிய இடத்தில்தான் இறங்குகிறது. தக்கலையில் இருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் பஸ்ஸில் போகிறவன் வில்லுக்குறி வந்ததற்கெல்லாம் தலையைத் தூக்கிப் பார்ப்பானா? நான் மாற்றத்தையே லூப் போட்டு, திரும்பத் திரும்ப ஓடுகிற மாதிரி வைத்திருந்தேன். அப்பா சொன்னது சரிதான், கேசெட் சிக்கித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அப்பாவையே டெஸ்டுக்கு வைத்தேன், அவருக்குத் தெரியாமல்.

வீட்டுக்குப் பின்னால் எங்கள் செட் சாமான் கிடக்கிற ஷெட். சாயங்காலம் அவர் அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து வயர் சுற்றுவார். ஸ்பீக்கர் வயரை முறுக்கு விழாமல் சுற்றுவது ஒரு கலை, எனக்கு இன்னும் கை வரவில்லை. நான் மூலையில் லேப்டாப்பை வைத்து டிராக்கை ஓடவிட்டு, அவர் தலை எப்போது நிமிர்கிறது என்று நோட்டில் குறிப்பேன். '0:45 இல்லை. 1:30 இல்லை. 2:00 இல்லை, மூக்கைச் சொறிந்தார்.' இப்படி மூன்று பக்கம். நான் உயிரைக் கொடுத்துச் செய்த டிராப் (எல்லாச் சத்தமும் சேர்ந்து ஒரேயடியாக இறங்குகிற இடம்) எதற்கும் மனுஷன் அசையவில்லை.

பிறகு ஒருநாள்: '2:11 நிமிர்ந்தார்.'

அந்த இடத்தில் நான் எதையும் வைக்கவில்லை. மவுஸில் கை தவறி ஒரு பார் கிக் அழிந்து போயிருந்தது. 71ஆவது பார், அதாவது ஒன்பதாவது எட்டின் ஏழாவது பார். எட்டாவது பாரில் கிக்கை நிறுத்துவது எல்லாரும் செய்வது, காது அதை எதிர்பார்க்கும். ஏழாவதில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதைவிட, எட்டாவதில் கிக் எதுவுமே நடக்காத மாதிரி திரும்ப வந்து உட்கார்ந்துவிடுகிறது. மொத்தம் 2 நொடிகூட இல்லை.

"என்னப்பா?" என்றேன்.

"ஃபியூஸ் போச்சோன்னு பாத்தேன் மக்கா."

ஆக, அவர் ரசித்து நிமிரவில்லை. மைக் செட்காரனுக்குச் சத்தம் நின்றால் பயம். ஆனால் ஆடுகிறவன் காலுக்கும் அதே பயம்தான் என்று இப்போது நினைக்கிறேன். கிக் அவனுக்குத் தரை. இருட்டில் படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கும் என்று கால் நீட்டி, இல்லாமல் போனால் வயிற்றில் ஒன்று தூக்கிப்போடுமே, அதுதான். ஒரு பார் எடுத்தால் அது வருகிறது. இரண்டு பார் எடுத்தால் இன்னும் கொஞ்சம். நாலு பார் எடுத்தால் வருவதில்லை, "ஓ, பிரேக்டவுனா", தாளம் ஓய்கிற பகுதியா, என்று எல்லாரும் கையைத் தொங்கப்போட்டு இளைப்பாறத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கும் ஒரு உபயோகம் உண்டு, ஆனால் அது வேறு சங்கதி.

இன்னொன்றும் அந்த டிசம்பரில் தெரிந்தது. ஹை-ஹேட்டின் ஒவ்வொரு தட்டுக்கும் வேறு வேறு அழுத்தம் கொடுக்க மூன்று ராத்திரி முழித்திருந்தேன். ஹெட்போனில் கேட்டால் மனுஷன் வாசிக்கிற மாதிரியே இருக்கும். டெம்போவுக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்றால் ஹை-ஹேட் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. ஜெனரேட்டர், பயல்களின் விசில், எதிரே வருகிற பைக் ஹாரன், எல்லாம் சேர்ந்து அதைத் தின்றுவிடும். திறந்த ரோட்டில் கேட்பது எது இருக்கிறது, எது போய்விட்டது என்பது மட்டுமே. அதனால் இப்போதெல்லாம் நான் முதலில் மியூட் பட்டனைத்தான் தொடுகிறேன். எட்டு பார் லூப்பில் எல்லாவற்றையும் அடைத்து வைத்துக்கொண்டு, டிராக் ஓட ஓட ஒவ்வொன்றாக அமுக்கி எடுப்பேன், போடுவேன். அதை அப்படியே ரெக்கார்ட் செய்துவிட்டுப் பிறகு திரையில் திருத்துவேன். கையால் செய்யும்போது படிக்கட்டு வருவதில்லை. கை தாமதிக்கும், அவசரப்படும், மறந்துபோகும்.

எனக்க அத்தான் ஒருவர் சிங்காரி மேளத்தில் செண்டை அடிக்கிறார். சின்ன வயதில் பாறசாலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆசானிடம் முறையாகப் படித்தவர். என் படிக்கட்டுக் கதையைச் சொன்னபோது சிரித்துவிட்டு, கேரளக் கோயில்களில் அடிக்கிற பஞ்சாரி மேளத்தின் கணக்கைச் சொன்னார். ஐந்து காலம், அதாவது ஐந்து கட்டம். முதல் காலத்தில் ஒரு சுற்றுக்கு 96 அட்சரம், அதாவது தாள எண்ணிக்கை. அடுத்து 48, பிறகு 24, 12, கடைசியில் 6. ஒவ்வொரு காலத்திலும் சுற்று பாதியாகிறது, வேகம் கூடுகிறது. "நீ எல்லாத்தையும் ஒரே அளவுக்குக் கூறு போட்டு வச்சிருக்கே. மீன் விக்கியதுக்குக் கொள்ளாம்" என்றார்.

உடனே வீட்டுக்கு வந்து வேகத்தை ஏற்றிப் பார்த்தேன். 120இல் தொடங்கி 140இல் முடிகிற மாதிரி. மேளத்துக்கு அழகாக இருப்பது இங்கே உதவவில்லை. கிக் மெஷின் அடிக்கிறது, வேகம் ஏறினால் யாரோ பிளேயரைக் கெடுத்துவிட்ட மாதிரி இருக்கிறது. போதாக்குறைக்கு, டிஜே இன்னொரு டிராக்கோடு இதைச் சேர்க்க முடியாது. (தொடக்கத்திலும் கடைசியிலும் கிக்கும் கொஞ்சம் தாளமும் மட்டுமாக 16 அல்லது 32 பார் விட்டு வைப்பது அதற்காகத்தான். இரண்டு டெக்கை வைத்து ஒரு கேசெட் சத்தத்தைக் குறைத்து மற்றதை ஏற்றுவாரே அப்பா, அதே வேலை.) அதனால் வேகத்தை விட்டுவிட்டுச் சுற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதல் பகுதி 32 பார், ஒரு நிமிடம் எதையும் பெரிதாகத் தொடாமல். அடுத்தது 16. பிறகு 8, 4, 2. மொத்தம் 62 பார், 2 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. கிக் அதே 128தான், ஆனால் மாற்றங்கள் நெருங்கி நெருங்கி வருவதால் வேகம் ஏறுகிற மாதிரி ஒரு பிரமை. ஸ்னேர் டிரம்மை நெருக்கி நெருக்கி அடிக்கிற ரோலில் நாம் எப்போதும் செய்வதுதான் இது. முதலில் அடிக்கு ஒன்று, பிறகு இரண்டு, பிறகு நாலு. அதை முழு டிராக்குக்கும் நீட்டலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

அந்த முதல் ஒரு நிமிடத்தில் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் கஷ்டம். கை அரிக்கும். அங்கேதான் அடுத்த பாடம். ரோலண்டு கம்பெனி 1980களின் தொடக்கத்தில் டிபி-303 என்று ஒரு சின்னப் பெட்டி விற்றது. தனியாக வாசிக்கிறவனுக்குப் பேஸ் கிட்டார் துணை என்று சொல்லித்தான் விற்றார்கள். பேஸ் கிட்டார் மாதிரி அது ஒலிக்கவே இல்லை, விற்பனையும் படுத்துவிட்டது. அந்தப் பெட்டி பழைய சாமானாக மலிவு விலைக்குச் சிகாகோ பையன்கள் கையில் சிக்கியது. ஒரே பேஸ் வரிசையை ஓடவிட்டு சத்தத்தின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கிற ஃபில்டர் திருகை மட்டும் திருகிக்கொண்டே இருந்தார்கள். 1987வாக்கில் ஆசிட் ஹவுஸ் என்று ஒரு வகையே அதில் இருந்து முளைத்தது. ஸ்வரம் மாறுவதில்லை, தாளம் மாறுவதில்லை. தொண்டை மட்டும் மெல்லத் திறந்து திறந்து கடைசியில் கத்துகிறது.

நானும் அப்படி 32 பாருக்கு ஃபில்டரை ஒரு நூல் அளவுக்குத் திறந்துகொண்டே போனேன். கூடவே, அடிக்கு நாலு வீதம் 16 தட்டுள்ள பாருக்கு மேல் 3 தட்டு நீளத்தில் ஒரு சின்ன மணிச் சத்தத்தைச் சுற்றவிட்டேன். அது ஒவ்வொரு பாரிலும் வேறு இடத்தில் விழும், மூன்று பாருக்கு ஒருமுறைதான் பாரின் முதல் தட்டோடு சேர்ந்து தொடங்கும். நோட்டில் அன்றைக்கு எழுதியது: 'ஒரு இடத்திலும் நிமிரவில்லை. ஆனால் வயரை அந்த அடிக்கே சுற்றிக்கொண்டிருந்தார்.' அன்றோடு என் டெஸ்டில் இரண்டு மார்க். நிமிர்ந்தால் ஒன்று, நிமிராமலே கை ஓடினால் ஒன்று. இரண்டாவதற்குத்தான் மதிப்பு அதிகம் என்று எனக்கு ஒரு எண்ணம்.

வித்தை கையில் வந்தால் எவனும் அளவோடு நிற்க மாட்டான். ஓணத்துக்கு, குழித்துறைப் பக்கம் ஒரு மன்றத்தின் ஆண்டு விழா. அதற்குப் போட்ட டிராக்கில் நான் கற்ற எல்லாவற்றையும் கொட்டினேன். 5 பாரில் ஒரு பகுதி முடியும், 7 பாரில் இன்னொன்று. கிக் பதினொரு இடத்தில் காணாமல் போகும். மேடையில் ஆடினது ஸ்டெப் பழகி வந்த பயல்கள். ஸ்டெப்பு எட்டெட்டாக எண்ணித்தான் பழகுவார்கள். 5 பார் பகுதி முடிந்த இடத்தில் இடப்பக்கம் மூன்று பேர் உட்கார்ந்தார்கள், வலப்பக்கம் மூன்று பேர் குதித்தார்கள். நடுவில் நின்றவன் ஆட்டத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. இறங்கி வந்ததும், "அண்ணே, ஒங்களுக்க பாட்டுல கால் வைக்கதுக்கு எடமே இல்ல" என்றான்.

அன்றில் இருந்து எட்டை நான் தொடுவதில்லை. எட்டுக்குள் என்ன திருட்டு வேண்டுமானாலும் செய்வேன், ஏழாவது பாரில் எடுப்பேன், மூன்றாவதில் வைப்பேன், ஆனால் எட்டு முடியும்போது கணக்கு சேர்ந்துவிட வேண்டும். கிக்கைக் காணாமல் போக்குவது ஒரு டிராக்கில் இரண்டு தடவை, மிஞ்சிப் போனால் மூன்று. நாலாவது தடவை ஃபியூஸ் போனாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இந்த வருஷத்து டிசம்பருக்கான டிராக் முக்கால்வாசி ஆகிவிட்டது. இடிக்கிற இடம் இரண்டாவது டிராப். முதல் டிராப்பையே காப்பி செய்து ஒட்டினால் மறுபடி கேசெட். புதிதாக ஒரு மெட்டை அங்கே கொண்டுவந்தால் வேறு பாட்டு தொடங்கிவிட்ட மாதிரி இருக்கிறது. இப்போதைக்கு அதே மெட்டை வைத்துக்கொண்டு பேஸை மட்டும் பாதியாகக் குறைத்து, ஒரு பாருக்கு அடித்தால் அடுத்த பாருக்குச் சும்மா இருக்கிற மாதிரி செய்திருக்கிறேன். அந்தக் காலி பாரில் பயல்கள் கத்துவார்கள் என்று ஒரு நம்பிக்கை. கத்தாவிட்டால் அது வெறும் காலி பார்.

டெஸ்ட் பண்ண முடியவில்லை. ஐப்பசி மழை, மூன்று நாளாக ஷெட் தகரத்தில் கொட்டுகிற கொட்டில் கிக்கே கேட்கவில்லை. அதுவும் போக, நோட்டு அப்பா கையில் கிடைத்துவிட்டது. மூக்கைச் சொறிந்தது வரைக்கும் வாசித்திருக்கிறார். நேற்று வயரைக் கீழே போட்டுவிட்டு என் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "போடு, கேப்போம்" என்றார். நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கிற ஆளை வைத்து நான் எதைக் குறிப்பது?